மாவுக் கடைக்கு முத்ரா கடன்: கையெழுத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க, சிறு தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் கடன் வாங்கினோம். அதிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாம் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரூ.50,000 வரை ‘சிசு’ பிரிவு. அடமானம் கிடையாது, மானியமும் கிடையாது, பணம் தருவது வங்கி போன்ற கடன் நிறுவனங்கள்தான். பெரும்பாலானவர்கள் கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், கரண்ட் பில் இதற்கெல்லாம் முதல் இரண்டு மாதம் எங்கிருந்து பணம் வரும்? மெஷின் வந்து இறங்கிய கையோடு அரிசி மூட்டைக்காகக் கந்துவட்டிக்குப் போகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. கிரைண்டரைச் சிறியதாக வாங்குங்கள், சரக்குக்குப் பணத்தை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரோடு இணைத்த போன் இருந்தால் போதும், அரசுத் தளத்தில் இலவசம். அப்புறம் மெஷின் கடையில் ஜிஎஸ்டி எண் போட்ட கொட்டேஷன் வாங்குங்கள், ஏனென்றால் மெஷினுக்கான பணத்தை வங்கிகள் பெரும்பாலும் கடைக்காரர் கணக்குக்கே அனுப்பும்.

இனி வட்டி. இங்கேதான் நாங்கள் ரொம்ப நேரம் முட்டிக்கொண்டு நின்றோம். வங்கிக்குப் போவதற்கு முன் வீட்டுக்கே வந்து கடன் தருகிற ஒருவர் “12 சதவீதம்தான்மா, வங்கியும் அதேதான்” என்றார். ஃபிளாட் வட்டியா, நிலுவைக்கு மட்டும் வட்டியா என்று கேட்டால் பதில் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். ரூ.50,000, இரண்டு வருடம், 12 சதவீதம். ஃபிளாட் என்றால் கடைசி மாதம் வரை முழு ஐம்பதாயிரத்துக்கும் வட்டி போடுவார்கள்: வட்டி ரூ.12,000, மாத டியூ ரூ.2,583. கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் என்றால் டியூ ரூ.2,354, மொத்த வட்டி சுமார் ரூ.6,490. ஃபிளாட் 12 என்பது நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 21.6 சதவீதம்! இதற்கென்று போனில் எந்தக் கடன் ஆப்பையும் இறக்காதீர்கள், கூகுள் ஷீட்டில் பிஎம்டி (PMT) ஃபார்முலா போட்டாலே டியூ வந்துவிடும்.

மைக்ரோஃபைனான்ஸ் எனும் சிறுகடன்தான் கிடைக்கிறது என்றாலும் கவலைப்படாமல் கேள்வி கேளுங்கள். ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் போட்டிருக்கிறது. வட்டியும் கட்டணங்களும் எழுதிய விவரத் தாள் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. குடும்பத்தின் எல்லா டியூவும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் பாதியே அதிகம், அடைமழை வாரத்தில் மாவு விற்பனை படுத்துவிடும். மோசமான மாதத்து வருமானத்தை வைத்துப் பாருங்கள்.

கணக்கு நோட்டு விஷயம்: தினமும் ராத்திரி விற்றது எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு என்று அக்கா இரண்டு பத்தியாக எழுதுகிறார். வீட்டுக்கு எடுத்ததை எழுதாத நோட்டால் பிரயோஜனமில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன சிலரை வங்கியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், காரணம் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் ஓர் எழுத்தாக, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. போவதற்கு முன்பே ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். முத்ரா வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், இந்தத் திட்டத்துக்கு ஏஜென்ட் என்று யாரும் கிடையாது.

இன்னொன்று, அடைத்து முடித்த பழைய குழுக் கடன் சிலருக்கு இன்னும் பாக்கி என்றே காட்டுகிறதாம். யார் எவ்வளவு கடன் வாங்கினார், கட்டினார் என்று பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். தப்பு இருந்தால் கடன் தந்தவரிடம் கடன் முடிந்த சான்று வாங்கி இணைத்துப் புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டியது, அதையும் எழுதிக் கேளுங்கள்.