அரச காதலைக் கேலி செய்த அச்சுப்படங்களை வாசிப்பது எப்படி?

ஜார்ஜ் மன்னர்கள் காலத்து லண்டனில், அரச குடும்பத்தின் காதல் விவகாரங்களைக் கேலி செய்த செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் கடைச் சன்னல்களில் தொங்கின. அவற்றைப் பார்க்கும்போது கண் நேராக நடுவிலுள்ள ஜோடியிடம் போகும். எனினும் வாசிப்பைப் படத்தின் அடி விளிம்பில் தொடங்குங்கள். வெளியான நாளும் வெளியிட்டவர் பெயரும் பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிப்புரிமை கோர அவை தேவைப்பட்டன.

அந்த நாளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போது நாட்டில் என்ன நடந்தது என்று தேடுங்கள். கேலிச் சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயின் 'மனைவி, ஆனால் மனைவியல்ல' என்ற படம் 1786 மார்ச்சில் வெளிவந்தது. வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ், கத்தோலிக்க விதவையான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை 1785 டிசம்பர் 15 அன்று ரகசியமாக மணந்திருந்தார். மன்னரின் சம்மதம் இல்லாததால் 1772ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டப்படி அந்த மணம் செல்லாது. செல்லுமென்று வைத்துக்கொண்டாலோ, கத்தோலிக்கரை மணந்தவருக்கு அரியணை இல்லை என்ற 1701ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. தலைப்பின் கூர்மை முழுவதும் இந்தச் சிக்கலில்தான் இருக்கிறது.

அடுத்து, ஜோடியைச் சுற்றி நிற்பவர்களை அடையாளம் காணுங்கள். என் பார்வையில் இதுவே மிக முக்கியமான படி. இப்படத்தில் மூன்று எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் இருக்கிறார்கள்: எட்மண்ட் பர்க் இயேசு சபைத் துறவியின் உடையில் மணத்தை நடத்திவைக்கிறார், சார்லஸ் ஃபாக்ஸ் மணமகளைத் தாரைவார்க்கிறார், நார்த் பிரபு வண்டியோட்டியாக உறங்குகிறார். உண்மையில் திருமணம் லண்டனில் மணமகளின் வீட்டிலேயே ஆங்கிலிக்கன் பாதிரியார் ஒருவரால் நடத்தப்பட்டது. இம்மூவரும் அங்கே இல்லை, ஃபாக்ஸோ வேண்டாமென்று இளவரசருக்கு முன்னதாகக் கடிதமே எழுதியிருந்தார். ஆகவே இதை நேரில் கண்ட சாட்சியமாகக் கொள்ளாதீர்கள். இளவரசரின் காதலைச் சாக்காக வைத்து, அவரோடு நெருங்கியிருந்த எதிர்க்கட்சியையும் சேர்த்தே கில்ரே அடிக்கிறார்.

பெயர் எழுதப்படாத முகங்களுக்கு உடையும் சின்னமும் உதவும்: மூன்று இறகுகள் இருந்தால் வேல்ஸ் இளவரசர், கடற்படைக்காரரின் உடை இருந்தால் அநேகமாக அவருடைய தம்பி கிளாரன்ஸ் கோமகன். வண்ணத்தை மட்டும் நம்பிப் பொருள் கொள்ள வேண்டாம். கையால் தீட்டப்பட்டதால் பிரதிக்குப் பிரதி அது மாறும்.

கடைசியாக, எவை வெளிவராமல் தடுக்கப்பட்டன என்பதையும் விசாரியுங்கள். அதே இளவரசர் பின்னர் நான்காம் ஜார்ஜ் என்ற பெயரில் மன்னரானார். அவரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று உறுதியளித்து, கேலிச் சித்திரக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 1820 ஜூனில் 100 பவுண்டு பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டுப் படங்களைப் பார்க்கும்போது, இந்தத் தொகையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.