வெள்ளக் காலத்தில் குடிநீரைப் பாதுகாப்பது எப்படி?

ஆற்றங்கரை நகரில் வெள்ளம் புகுந்தால் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே நீரில் மூழ்கிக் கிடக்கும். குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில், இணைப்புகளில் உள்ள சிறு விரிசல்கள் வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயோடு நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவோர் இதை மேலும் மோசமாக்குகிறார்கள். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. கீழுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: மழை எச்சரிக்கை வந்தவுடன், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்ற கணக்கில் குறைந்தது 3 நாட்களுக்கான நீரை மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்து வையுங்கள்.

படி 2: வெள்ளநீர் புகுந்த கீழ்நிலைத் தொட்டியை முழுவதும் இறைத்து, சேற்றை அகற்றி, சுவர்களைத் தேய்த்துக் கழுவிய பிறகே நிரப்ப வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்து, மூடியை நெடுநேரம் திறந்து வைக்காமல் எவரும் உள்ளே இறங்கக் கூடாது. நச்சு வாயு தேங்கியிருக்கலாம்.

படி 3: கலங்கிய நீரைத் தெளியவைத்து, மேல்நீரைச் சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பலரும் இதைத் தவிர்த்துவிட்டு நேரே குளோரினைக் கலக்கிறார்கள். ஆனால் சேறும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடுவதால் கிருமிகளைக் கொல்ல அது போதாமல் போகிறது. புற ஊதாக் கதிர் சுத்திகரிப்பானும் கலங்கிய நீரில் சரிவர வேலை செய்யாது.

படி 4: நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம் தேவை. குளோரினுக்குத் தாக்குப்பிடிக்கும் சில ஒட்டுண்ணிகளும் இதில் அழிவதால், எரிபொருள் இருக்கும்வரை கொதிக்கவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு வழியில்லையெனில், 5 முதல் 6 சதவீதச் செறிவுள்ள, வாசனை சேர்க்காத திரவ பிளீச்சை (குளோரின் உள்ள வெளுப்புத் திரவம்) லிட்டருக்கு 2 சொட்டு (கலங்கலாக இருந்தால் 4 சொட்டு) கலந்து 30 நிமிடம் காத்திருங்கள்; இலேசான குளோரின் வாடை வர வேண்டும். குளோரின் மாத்திரை என்றால் உறையிலுள்ள அளவே சரி. எண்ணெயோ இரசாயனமோ கலந்த நீரை இவ்விரண்டு முறைகளாலும் குடிநீராக்க முடியாது.

படி 5: சுத்திகரித்த நீரைக் குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் மூடிவைத்து, சாய்த்தோ குழாய் வழியாகவோ எடுங்கள். கையோடு சேர்த்துக் குவளையை முக்கி எடுத்தால், அதுவரை செய்த வேலை வீணாகும்.

படி 6: கழிப்பறைக்குச் சென்ற பின்னும், சமைக்கும் முன்னும் சோப்பால் கை கழுவுங்கள். காலில் புண் உள்ளவர் தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும்.

படி 7: வயிற்றுப்போக்கு தொடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், அரிசி கழுவிய நீர் போன்ற பேதி, கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், கரைசலைக் கொடுத்துக்கொண்டே நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.