புடகங்களில் ஆர்.என்.ஏ. மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வந்தாறுமூலையிலும் மட்டக்களப்பு நகரிலும் உயிர்மருத்துவம் பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கலங்கள் வெளியிடும், சவ்வால் சூழப்பட்ட மிகச் சிறிய பைகளான நுண்புடகங்களில் மருந்தை ஏற்றலாம் என்ற நம்பிக்கை, எக்சோசோம்கள் என்னும் அவ்வகைப் புடகங்களுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதை 2007 இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியபின் வேரூன்றியது. 2011 இல் ஒக்ஸ்போர்ட் குழுவொன்று எக்சோசோம்களில் ஏற்றிய ஆர்.என்.ஏ.யை எலியின் மூளைக்குச் செலுத்திக் காட்டியது.

மிகவும் கவனிக்க வேண்டிய தவறு, மருந்து உள்ளே ஏறிவிட்டதாக அவசரப்பட்டு முடிவுகட்டுவது. மின்துடிப்பால் புடகத்தின் சவ்வைத் திறந்து, ஒரு மரபணு தன் புரதத்தை ஆக்குவதைத் தடுக்கும் குறு ஆர்.என்.ஏ.யை ஏற்றும்போது, மின்வாயிலிருந்து கரையும் உலோக அயன்கள் அந்த ஆர்.என்.ஏ.யைத் திரளச் செய்கின்றன. மிக வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மீவேக மையநீக்கத்தில் இத்திரள்களும் புடகங்களோடு சேர்ந்து அடியில் படிவதால், ஏற்றம் வெற்றி பெற்றதுபோலத் தோன்றும். புடகமே இல்லாத கரைசலிலும் இவ்வாறு நேர்வதை 2013 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே, புடகம் சேர்க்காத ஒரு குழாயையும் அதே மின்துடிப்புக்கும் அதே கழுவலுக்கும் உட்படுத்தி ஒப்பிட வேண்டும். இந்த ஒரு குழாய் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

தூய்மை அடுத்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்த இரத்தத்தின் பிளாஸ்மா பால்போலக் கலங்கியிருப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள, கொழுப்பைச் சுமக்கும் இலிப்போபுரதத் துணிக்கைகளையும் துணிக்கை எண்ணும் கருவி புடகங்களாகவே எண்ணும். நோன்பிருந்தவரின் இரத்தத்திலும் அவை புடகங்களைவிடப் பன்மடங்கு அதிகம். கலவளர்ப்பில் சேர்க்கும் கன்றுச் சீரமும் மாட்டின் புடகங்களையும் ஆர்.என்.ஏ.யையும் கொண்டுவரும்.

கலத்துக்குள் ஒளிரும் சாயத்தைக் கண்டதும் மருந்து சேர்ந்துவிட்டது என்று எழுதுவதும் தவறு. சில கொழுப்புச் சாயங்கள் தாமே புடகத்தின் அளவில் திரளும். புடகமே உட்புகுந்தாலும், பெரும்பகுதி, கலம் உள்வாங்கியவற்றை அடைக்கும் எண்டோசோம் என்னும் பையில் சிக்கி, அவற்றைச் செரிக்கும் இலைசோசோமில் சிதையும்; இலக்கு மரபணுவின் புரதம் உண்மையில் குறைந்ததா என்று அளப்பதே சான்று. உடலுக்குள் ஊசியால் ஏற்றினால், பெரும்பாலானவை ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும்.

2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்னும் குறு ஆர்.என்.ஏ. மருந்தைப் புடக மருந்தின் வெற்றியாகச் சிலர் காட்டுகின்றனர். அது செயற்கைக் கொழுப்பு நானோத்துணிக்கையில் செல்லும் மருந்து. எக்சோசோம் சிகிச்சை என்று பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பி, கல்முனையிலோ காத்தான்குடியிலோ நோயாளியின் உறவினர் உங்களிடம் வந்து கேட்டால், அனுமதியற்ற எக்சோசோம் தயாரிப்புகள் குறித்து அமெரிக்க மருந்து நிருவாகம் 2019 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்ததை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.