45-35 ஏன் செல்லவில்லை? டிவிஷன் டைபிரேக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டெக்சஸ் அணியின் பழைய ரசிகர் யாரிடமாவது "45-35" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், 2008-இன் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது தெரிந்துவிடும். அந்த வருடம் அக்டோபர் 11 அன்று டல்லஸில் ஓக்லஹோமாவை டெக்சஸ் அந்த ஸ்கோரில் தோற்கடித்தது. ஆனால் சீசன் முடிவில் பிக் 12 கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் ஒரு கூட்டமைப்பு) தென் டிவிஷனை (அதன் இரு பிரிவுகளில் ஒன்று) வென்று கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டிக்குப் போனது ஓக்லஹோமாதான்.

ஜெயித்தவன் வீட்டில், தோற்றவன் ஃபைனலில், இது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு, டைபிரேக்கரில், அதாவது சமனில் நிற்கும் அணிகளைப் பிரிக்கும் விதிகளில், இரண்டு அணிகளுக்கானதை மூன்று அணிகளுக்குப் பொருத்துவது. இரண்டு அணிகள் மட்டும் சமனில் நின்றால் நேருக்கு நேர் ஆட்டம் முடிவு சொல்லிவிடும். 2008-இல் சமனில் நின்றவை மூன்று அணிகள். நவம்பர் 1 அன்று லபக்கில் டெக்சஸ் டெக் அணி, ஆட்டம் முடிய ஒரு நொடி இருக்கும்போது மைக்கேல் கிராப்ட்ரீ போட்ட டச்டவுனால் டெக்சஸை 39-33 என வென்றது. மூன்று வாரம் கழித்து அதே டெக்சஸ் டெக்கை ஓக்லஹோமா 65-21 என்று துவைத்தது. மூன்றும் ஒன்றையொன்று வென்று ஒன்றிடமொன்று தோற்றன. வேறு யாரிடமும் தோற்கவில்லை. கான்ஃபரன்ஸில் மூன்றுக்கும் 7-1, அதாவது ஏழு வெற்றி, ஒரு தோல்வி.

45-35 செல்லும் என்றால் 39-33-உம் செல்ல வேண்டுமே? டெக்சஸ் ரசிகர்கள் வசதியாக மறந்துபோவது இந்த இடத்தைத்தான். அந்த வாதத்தை முழுதாகப் பின்பற்றினால் ஒரு சுற்று சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்.

எத்தனை அணிகள் சமனில் நிற்கின்றன என்பதைக் கடைசி வாரம் வரை பார்க்க வேண்டும். நவம்பர் 29 அன்று பேலருக்கு எதிராக டெக்சஸ் டெக் 35-28 என்று பிழைத்துக்கொண்டது. அதில் தோற்றிருந்தால் சமனில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது 45-35 செல்லுபடியாகி, டெக்சஸ் ஃபைனலுக்குப் போயிருக்கும். தன்னைத் தோற்கடித்த அணி பேலரிடம் தோற்க வேண்டும் என்று டெக்சஸ் ரசிகர்கள் அன்று வேண்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, விதிகளை வரிசை மாற்றிப் படிப்பது. பிக் 12 அன்று வைத்திருந்த வரிசை இது: சமனில் நிற்கும் அணிகளுக்குள் யார் எத்தனை வென்றார்கள், டிவிஷனுக்குள் வெற்றி தோல்வி, டிவிஷனில் அடுத்தடுத்த இடங்களில் உள்ள அணிகளிடம் எப்படி, கான்ஃபரன்ஸில் பொதுவான எதிரணிகளிடம் எப்படி. முந்தையது பிரிக்காதபோதுதான் அடுத்ததைத் தொடலாம். இந்த நான்கும் மூன்று அணிகளையும் பிரிக்கவில்லை. ஐந்தாவது விதி, பிசிஎஸ் (தேசிய இறுதிப்போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க அன்று இருந்த முறை) தரவரிசையில் மேலே இருப்பவர். ஓக்லஹோமா இரண்டாம் இடம், டெக்சஸ் மூன்றாம் இடம், டெக்சஸ் டெக் ஏழாம் இடம். முதல் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.0128.

இந்தத் தரவரிசையை வைத்தும் ஒரு தவறு நடக்கும். எந்த வாரத்துப் பட்டியல்? முந்தைய வாரம் டெக்சஸ் இரண்டிலும் ஓக்லஹோமா மூன்றிலும் இருந்தன. விதி கேட்டது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் வரும் முதல் பட்டியலை. அது நவம்பர் 30 அன்று வந்தபோது இடங்கள் மாறியிருந்தன. ஒரு வாரம் முன்பே கொண்டாடியவர்கள் பாவம்.

நம் ஊர் வாசகர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். ஐபிஎல்லில் நெட் ரன்ரேட் பார்த்துப் பழகியதால், 65-21 என்று ஜெயித்தவனுக்கு அந்த 44 புள்ளி வித்தியாசம் கணக்கில் வந்திருக்கும் என்று நினைப்போம். பிக் 12-இன் வரிசையில் புள்ளி வித்தியாசம் எங்குமே இல்லை. நோஞ்சான் அணியை வேண்டுமென்றே மேலும் மேலும் அடிக்கும் ஆசையைத் தூண்டக் கூடாது என்பதற்காக, பிசிஎஸ் பயன்படுத்திய கணினிக் கணக்குகளிலிருந்தும் 2002 முதல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பிசிஎஸ்ஸில் மூன்றில் இரண்டு பங்கு மனிதர்கள் போடும் வாக்கு. 65-21-ஐப் பார்த்த வாக்காளர் அதைப் பார்க்காத மாதிரி இருப்பாரா?

கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடிய ஆட்டங்களும் இப்படித்தான். முதல் நான்கு விதிகளில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆனால் ஐந்தாவதில் தரவரிசை வழியாகப் பின்வாசலில் நுழைந்துவிட்டன. ஓக்லஹோமா வெளியே வென்றவற்றில் டிசியுவும் சின்சினாட்டியும் இருந்தன, இரண்டுமே அந்த வருடம் வலுவான அணிகள். டெக்சஸ் டெக்கோ நான்கு வெளி ஆட்டங்களில் இரண்டைக் கீழ்நிலைப் பிரிவு அணிகளோடு ஆடியிருந்தது.

எல்லாக் கான்ஃபரன்ஸுக்கும் ஒரே விதிதான் என்று நினைப்பதை நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகச் சொல்வேன். அதே 2008-இல் எஸ்இசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் விதி வேறு மாதிரி. அங்கே மூன்று அணிகள் சமனில் நின்றால், அவற்றில் தரவரிசையில் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று ஐந்து இடங்களுக்குள் இருந்தால் மூன்றாவதைக் கழித்துவிட்டு, அந்த இரண்டுக்கும் நேருக்கு நேர் முடிவைப் பார்ப்பார்கள். அந்தப் புத்தகத்தைப் பிக் 12-க்குப் போட்டிருந்தால் டெக்சஸ் டெக் கழிந்து, 45-35 செல்லுபடியாகி, டெக்சஸ் போயிருக்கும். என்னைக் கேட்டால் அந்த விதிதான் நேர்மையானது. ஆனால் சீசன் தொடங்கும் முன் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியைக் கடைசி வாரத்தில் திட்டிப் பயனில்லை. ஓக்லஹோமா போய் மிசௌரியை 62-21 என்று வென்றது, பிறகு தேசிய இறுதிப்போட்டியில் ஃபுளோரிடாவிடம் 24-14 என்று தோற்றது.

மொத்த வெற்றி தோல்வியைப் பார்த்து ஏமாறுவதற்கு 2016-இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின் கிழக்கு டிவிஷன் நல்ல உதாரணம். ஓஹையோ ஸ்டேட் மொத்தத்தில் 11-1, பென் ஸ்டேட் 10-2. மேலோட்டமாகப் பார்த்தால் ஓஹையோ ஸ்டேட் முன்னால். ஆனால் பென் ஸ்டேட்டின் இரண்டு தோல்விகளில் ஒன்று பிட்ஸ்பர்கிடம், அது கான்ஃபரன்ஸுக்கு வெளியே. கான்ஃபரன்ஸுக்குள் இரண்டும் 8-1. நேருக்கு நேர் பென் ஸ்டேட் 24-21 என்று வென்றிருந்ததால் டிவிஷன் அதற்குப் போனது, இறுதிப்போட்டியில் விஸ்கான்சினையும் வென்றது. அப்புறம் தேசிய சாம்பியனை முடிவு செய்யும் நான்கு அணி பிளேஆஃபுக்குத் தேர்வுக் குழு அழைத்தது ஓஹையோ ஸ்டேட்டை! டிவிஷன் டைபிரேக்கர் டிவிஷனை மட்டுமே தீர்க்கும், தேர்வுக் குழுவை அது கட்டுப்படுத்தாது.

தகுதியைப் பார்க்காமல் பட்டியலைப் படிப்பவர்களும் உண்டு. 2012-இல் பிக் டென்னின் லீடர்ஸ் டிவிஷனில் ஓஹையோ ஸ்டேட் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை, பென் ஸ்டேட் இரண்டாவது. இரண்டுக்கும் இறுதிப்போட்டியில் ஆடத் தடை. மூன்றாவதாக 4-4 என்று நின்ற விஸ்கான்சின் இறுதிப்போட்டிக்குப் போய் நெப்ராஸ்காவை 70-31 என்று நொறுக்கியது.

இப்போது பெரிய கான்ஃபரன்ஸ்கள் டிவிஷன்களை எடுத்துவிட்டன. ஏசிசி 2023-இல், எஸ்இசியும் பிக் டென்னும் 2024-இல். சன் பெல்ட் இன்னும் கிழக்கு, மேற்கு என்று வைத்திருக்கிறது. டிவிஷன் போனதால் தலைவலி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2024-இல் பதினாறு அணிகள் கொண்ட பிக் 12-இல் அரிசோனா ஸ்டேட், ஐயோவா ஸ்டேட், பிஒய்யு, கொலராடோ நான்கும் 7-2. இந்த நான்குக்குள் அந்த சீசனில் நடந்தது ஒரே ஒரு ஆட்டம், பிஒய்யுவை அரிசோனா ஸ்டேட் 28-23 என்று வென்றது. கொலராடோ மற்ற மூன்றில் யாரையும் சந்திக்கவே இல்லை. நேருக்கு நேர் பார்க்க ஆட்டங்களே இல்லாததால் அடுத்த விதிகளுக்கு இறங்கி, அரிசோனா ஸ்டேட்டையும் ஐயோவா ஸ்டேட்டையும் அனுப்பினார்கள்.