பழைய டெஸ்க்டாப்: காசை எதில் போடலாம், எதில் போடக்கூடாது

பழைய டெஸ்க்டாப்பை வேகமாக்கப் பார்ட் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்ததுதான். மதுரைப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் எச்61 போர்டுகள் இன்னும் ஓடுகின்றன. எச்61 என்பது 2011-இல் வந்த இன்டெல் சிப்செட், அதாவது போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு. ராமுக்கு டிடிஆர்3 என்ற வகை ஸ்லாட் இரண்டு, மொத்தம் 16 ஜிபி வரை. இங்கே சொல்வது அந்த போர்டை வைத்துத்தான்.

முதல் காசு எஸ்எஸ்டிக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்குக்கு. கேபிளில் மாட்டும் 2.5 இன்ச் சாட்டா வகை, 240 ஜிபி போதும், போர்டிலேயே செருகும் எம்.2 வாங்கிவிடாதீர்கள், செருக இடமிருக்காது. எச்61-இல் சாட்டா வேகம் பழைய 3 ஜிபிபிஎஸ்தான் என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் வரும். அதனால் குறையொன்றுமில்லை. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடித் திணறுவது அதில்தான். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு முள்ளே இல்லை.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். விண்டோஸ் போடும்வரை பழைய டிஸ்க்கின் கேபிள் கழன்றே இருக்கட்டும். இல்லாவிட்டால் பூட் ஃபைல்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் அந்த டிஸ்க் போனால் சிஸ்டமும் எழாது. பயாஸில், அதாவது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் போர்டின் செட்டிங்கில், சாட்டா மோடை ஏஎச்சிஐ என்று முதலிலேயே மாற்றுங்கள். பழைய மோடான ஐடிஇ-யில் விண்டோஸ் போட்டுவிட்டு அப்புறம் மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

அடுத்தது ராம். 4 ஜிபி இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேருங்கள். மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகளில் சில ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஆனவை, இன்டெல்லில் டிஸ்ப்ளேயே வராது. கேபினட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய ஸ்டிக்கின் தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்துத் துடையுங்கள்; ஆன் செய்யும்போது வரும் பீப் சத்தம் பாதி அதிலேயே நின்றுவிடும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது, 64 பிட் போடுங்கள்.

பிராசசரைக் கடைசியில் யோசிக்கலாம். பழைய ஐ5 கிடைத்தால் சரி; ஆனால் மூன்றாம் தலைமுறை என்றால் பல எச்61 போர்டுகளில் முதலில் பயாஸ் அப்டேட் வேண்டும். அது ஓடும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? பில் அடிக்க அது வேண்டியதில்லை.

மதுரை வெயிலுக்கு, பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க்கைச் சுத்தம் செய்வது முக்கியம். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் கெடும். அதற்கும் பிராசசருக்கும் நடுவில் காய்ந்திருக்கும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, மிளகு அளவு புதுசு வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் நின்றது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசர்களை ஏற்காது. நெட் பார்க்கவும் டைப் அடிக்கவும் விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். ஆனால் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கு விண்டோஸ்தான் கதி. அவர்கள் ஃபார்மட் அடிக்கும் முன் பழைய தமிழ் ஃபான்ட்டுகளையும் கீபோர்டு சாஃப்ட்வேரையும் பென் டிரைவில் எடுத்து வைக்கட்டும், திரும்பத் தேடினால் லேசில் அகப்படாது.

தேதி தானாக மாறினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. செல்லை மாற்றியதும் பயாஸ் மறுபடி ஐடிஇ-க்குப் போயிருக்கலாம், போயிருந்தால் ஏஎச்சிஐ-யைத் திரும்ப வையுங்கள்.