டப்பாவைத் தட்டினால் தண்ணீர் பேசும்

குடத்தை விரலால் சுண்டியே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என் அம்மா. குடம் நிறைய நிறைய ஒலி கனக்கும். நீரும் சுவரோடு சேர்ந்து அதிர வேண்டியிருப்பதால் அதிர்வெண் இறங்குகிறது. இதை ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகைக்குக் கற்றுக்கொடுப்போம்.

தேவையானவை: தட்டையான பக்கங்கள் கொண்ட எவர்சில்வர் டப்பா, பீசோ வில்லை (அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் தகடு), ஆர்டுயினோ ஊனோ, இரண்டு ஒரு மெகாஓம் ரெசிஸ்டர்கள், மின்சாரம் போனாலும் மறக்காத எஃப்ரேம் நினைவக மாட்யூல்.

முதலில் வில்லைக்கு வயர் பற்றவையுங்கள். அதன் நடுவிலிருக்கும் வெள்ளை வட்டம் ஃபெரோஎலக்ட்ரிக் பீங்கான். தயாரிக்கும்போது வலுவான மின்புலத்தில் வைத்து அதன் உள் மின்முனைகளை ஒரே திசைக்குத் திருப்பியிருப்பார்கள். மின்புலத்தை எடுத்த பிறகும் அவை திரும்பியபடியே நிற்பதால்தான், வில்லை லேசாக வளைந்தாலும் மின்னழுத்தம் பிறக்கிறது. சூடு மிஞ்சினால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். முதல் வில்லையில் சால்டரிங் அயனை அழுத்திப் பிடித்தேன்; வெள்ளிப் பூச்சு செதிலாக உரிந்து முனையோடு வந்துவிட்டது. இரண்டு விநாடி போதும்.

பித்தளைப் பக்கத்தை டப்பாவின் வெளிச்சுவரில் உடனடிப் பசையால் மெல்லியதாக ஒட்டுங்கள். இருபுற டேப் வேண்டாம். அது அதிர்வை விழுங்கிவிடும்.

ரெசிஸ்டர்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடராக இணைத்து, நடுப்புள்ளியை ஆர்டுயினோவின் ஏ0 காலில் செருகுங்கள். வில்லையின் ஒரு வயர் அங்கே, மற்றது கிரவுண்டுக்கு.

ஏ0-வில் 128 மாதிரிகள் எடுத்து, அதிர்வை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஆர்டுயினோஎஃப்எஃப்டி நிரல் நூலகத்தால், எல்லாவற்றிலும் வலுவான அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள். டப்பா காலியாக, பாதியாக, நிறைய இருக்கும்போது, கரண்டிக்காம்பால் ஒரே இடத்தில் மெதுவாகத் தட்டுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஒலி சீக்கிரம் அடங்கும். எண்ணெயின் பிசுக்கு அப்படி.

இனி நினைவு. எஃப்ரேமின் எஸ்டிஏ, எஸ்சிஎல் கால்களை ஏ4, ஏ5-இல் இணையுங்கள். இந்தச் சில்லுக்குள்ளும் ஃபெரோஎலக்ட்ரிக் படலம்தான். திரும்பிய முனை திரும்பியபடி நிற்பதே இங்கே 0 அல்லது 1. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால் அதிர்வெண்ணை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பிறகு யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள், எண் அப்படியே இருக்கும். 2011-இல் தானே புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த கடலூர்க்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை.

கிணற்று நீரில் உப்பேறியிருப்பதை இது காட்டுமா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். சில்வர் பீச்சிலிருந்து ஒரு பாட்டில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். நல்ல நீரைவிட அதன் அடர்த்தி சுமார் இரண்டரை சதவீதம்தான் அதிகம். 128 மாதிரிகளில் இரண்டு அதிர்வெண்களைப் பிரித்தறிய ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸ் இடைவெளி வேண்டும். அடர்த்தியின் அந்தச் சின்ன வித்தியாசம் அதிர்வெண்ணை அவ்வளவு நகர்த்தவில்லை; இரண்டு நீருக்கும் ஒரே எண்தான் வந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன்.