ஓசையைக் கட்டிவிட்டுப் பொருளைத் தேடாதீர்கள்

தமிழாசிரியன் என்பதால், தெருவில் குழந்தை பிறந்தால் எனக்குப் போன் வந்துவிடும். "நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க சார்." இருபது வருடமாகச் சொல்கிறேன், சொதப்பியும் இருக்கிறேன். நான் சறுக்கிய அதே இடங்களில் இன்றைய இளம் பெற்றோர் சறுக்குவதைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. வாயில் நுழையாத பெயர், சினிமாப் பெயர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. விட்டுவிடுவோம்.

ஓசை முதலில், பொருள் பிறகு

என் எரிச்சல் முழுக்க இதில்தான். நட்சத்திரப் பாதத்துக்குப் பஞ்சாங்கம் ஓர் எழுத்தைத் தரும். அசுவினிக்கு சு, சே, சோ, லா. பரவாயில்லை. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங'. ஙகரத்தில் பெயர் தேடி எங்கே போவது? ஜோசியர் வேறெழுத்தைக் காட்டுவார். அடுத்தவர் எண் கணிதக்காரர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, "இன்னொரு ஏ சேருங்க, கடைசியில ஒரு எச் போடுங்க" என்பார். மிஞ்சிய ஓசைக்கு ஸ்டைலாக ஒரு 'ஷ்' ஒட்டுவார்கள்.

அந்த 'ஷ்' சும்மா வந்ததல்ல. தினேஷ் என்றால் தினம் + ஈசன், பகலின் தலைவன், சூரியன். ஈசன் இருக்கும் இடத்தில் அது பொருந்தும். விகாஸ் என்றால் மலர்ச்சி. அதை 'விகாஷ்' ஆக்கினால் மலர்ச்சி போய்விடும்.

போன வருடம் ஒரு பையன் வந்தான், முதல் குழந்தைக்கு அப்பா. வைத்த பெயருக்கு ஓர் இணையதளம் 'சிவனின் ஒளி' என்கிறதாம், இன்னொன்று 'வெற்றியாளன்' என்கிறதாம். "எது சார் சரி?" இரண்டுமில்லை, அப்படியொரு சொல்லே கிடையாது. முகம் தொங்கிப்போனது. பிறப்புச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது.

என்ன அவசரம்? பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம். பிற்பாடு ஒரு எச் விடுபட்டாலும் மதிப்பெண் பட்டியலில் ஒருவன், ஆதாரில் இன்னொருவன். அரசிதழ் வரை அலைய வேண்டிவரும்.

அலைச்சலாவது ஒருநாள் முடியும். ஏழாம் வகுப்பில் முன்பெல்லாம் 'உன் பெயரின் பொருள் சொல்' என்று ஒரு பயிற்சி வைப்பேன். கயல்விழியும் முகிலனும் நிமிர்ந்து நின்று சொல்வார்கள். சில பிள்ளைகள் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும். "அம்மாவுக்குத்தான் தெரியும் சார்." இப்போது அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

காதில் விழுந்ததை வைத்துப் பொருள் சொல்வது

இது நான் செய்தது. ஒரு வீட்டில் 'எழிலி' என்று வைக்கச் சொன்னேன். எழில் அழகு, எழிலி அழகி என்று விளக்கமும் கொடுத்தேன். அந்தப் பெண் பள்ளியில் 'தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்' என்ற குறளைப் படித்துவிட்டு வந்து, "மேகம்னு போட்டிருக்கே சார்?" என்றாள். மேகம்தான். அகராதியைத் திறக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ழகரத்துக்குப் பயப்படுவது

வடக்கே எப்படியும் தப்பாகத்தான் கூப்பிடுவார்கள். வையுங்கள்.

'வேண்டாம்', 'போதும்பொண்ணு'

இதைத் தவறென்று சொல்லக்கூட மனம் வரவில்லை. 2011இல் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், 'நகுசா' (வேண்டாதவள்) என்று பெயர் சுமந்த 285 பெண்பிள்ளைகளுக்கு விழா எடுத்துப் புதுப்பெயர் வைத்தார்கள்.

பழைய பெயருக்குக் கூசுவது

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். என் பிள்ளைக்கு என் அப்பாவின் பெயரை நான் வைக்கவில்லை. அவர் பெயர் பிச்சை. கல்லூரியில் என் இனிஷியலுக்கு விரிவு கேட்டவர்களிடம் 'பிரகாசம்' என்று புளுகியிருக்கிறேன். அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதும், மூன்றாவதை அப்பத்தா சாமியிடம் மடியேந்தி வாங்கியதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பதும் அதே பயத்தில்தான்.

கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை முழுதாக அச்சடித்தேன். அப்பா அதைக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்துவிட்டு, "பி.ன்னு போட்டாப் போதாதாடா?" என்றார்.